சும்மா வந்த பெட்டி

போன வாரம் மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருந்ததால் கடைப்பக்கம் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நல்லதுதான், கல்லாவை விட்டு எழுந்து போன ஆளை யார் கவனித்துக்கொண்டிருப்பார்கள்? அப்போது ஒருவர் வந்து, படம், வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வீட்டில் வைக்கிற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கினார். நீங்களும் நன்றாகத்தான் விளக்கினீர்கள். பெட்டி காலியாகத்தான் வரும், ஹார்ட் டிஸ்க் தனியாக வாங்க வேண்டும், வாரண்டி இவ்வளவு என்று ஒன்றும் விடவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த மனிதர் மேசைமேல் குனிந்து, "வூட்டுல கேட்டா விலைய கம்மியா சொல்லிக்கிறேன், பில்ல மட்டும் பையில போடாதீங்க" என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேனே, அது வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டீர்கள். இல்லை.

அன்று சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் இத்தனை வருஷம் இந்தக் கம்ப்யூட்டர் கடையை நடத்தியவள் நான். இடி விழுந்து கருகிய மதர்போர்டு, எலி கடித்த ஒயர், பூஜை அறையில் இருந்து இருந்து கற்பூரப் புகை குடித்தே செத்துப்போன கம்ப்யூட்டர், எல்லாம் என் கைக்கு வந்திருக்கிறது. எதற்கும் அசராதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஏழுமலையின் பெட்டி மட்டும் என்னை உலுக்கிவிட்டது.

ஏழுமலை கச்சிராயபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எதற்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவான். கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைக்கும் அவனுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. ஸ்டுடியோவில் அவன் மனைவி ஜெயந்தி உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோ எடுப்பாள், ஆர்டர் பிடிப்பாள். வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலையை அவன் வீட்டிலேயே லேப்டாப்பில் செய்வான். அந்த வேலையில் அவளுக்குச் சம்பந்தம் இல்லை.

ஒரு முகூர்த்த சீசன் ஆரம்பிக்கும் நேரத்தில் என்னிடம் வந்து நின்றான். "க்கா, எனக்கும் ஒரு ஸ்டோரேஜ் பொட்டி போட்டுக் குடு. டிஸ்க் டிஸ்க்கா வாங்கி வெச்சிக்கினு எதுல எது கீதுன்னு தேடி மாளல" என்றான்.

அவனுக்கு அது தேவையா என்று எனக்குச் சந்தேகம். விற்றால் எனக்கு லாபம்தான், ஆனால் தேவை இல்லாததைத் தலையில் கட்டினால் அந்த ஆள் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவான். அதனால் உட்கார வைத்துக் கணக்கு சொன்னேன். பெட்டி ஒரு விலை, உள்ளே ஒரே படத்தை இரண்டிலும் பதிகிற மாதிரி இரண்டு டிஸ்க் இன்னொரு விலை, மழைக்காலத்தில் உங்கள் ஊர் கரண்ட் கண்ணாமூச்சி ஆடுமே, அதற்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கியதோடும் முடியாது, நாலைந்து வருஷத்தில் டிஸ்க்கை மாற்ற வேண்டி வரும். அதைவிடச் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டிலும் படத்தை ஏற்று, ஒன்றை உன் வீட்டிலும் இன்னொன்றைத் தியாகதுருகத்தில் உன் மாமியார் வீட்டிலும் வை, பாதிச் செலவுகூட ஆகாது என்றேன்.

"யாருக்கா ஒவ்வொரு தபாவும் மாமியா வூட்டுக்குத் தூக்கிக்கினு போறது? இதுலதான் ரெண்டு டிஸ்க் கீதே. ஒண்ணு போனா ஒண்ணு நிக்குது."

"ரெண்டும் ஒரே பொட்டியிலதானேப்பா கீது. பொட்டியே போச்சுன்னா?"

ஏழுமலை கடை அதிரச் சிரித்தான். "பொட்டி எங்கக்கா போவப்போவுது? கால் மொளைச்சா போவும்?"

வாங்கிவிட்டான். அவன் வீட்டிற்கு நானே போய், கட்டிலை ஒட்டி ரூட்டர் இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, நீல விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் என்னை நிறுத்தினான். "க்கா, ஜெயந்தி வாஷிங் மெஷின் கேட்டுக்கினு கீறா. காசில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். இது நெட் கம்பெனிக்காரன் சும்மா குடுத்ததுன்னு சொல்லிட்டேன். நீ விலைய வெளிய வுட்டுடாத" என்றான்.

சும்மா வந்ததாம்! ஆசை ஆசையாக வாங்கிய பொருளை இப்படி யாராவது சொல்வார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சீசன் முடிவதற்குள் ஏழுமலை போய்ச் சேர்ந்துவிட்டான். மாரடைப்பு. பட்டப்பகலில், லேப்டாப் எதிரே உட்கார்ந்த வாக்கில். முந்தின நாள்தான் ஏதோ கேபிள் கேட்டுப் போன் செய்திருந்தான். எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தேன். செய்தி வந்தபோது அந்தக் கேபிள் என் மேசைமேல் இருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. சாவுக்குப் போய் ஜெயந்தியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் பெட்டியைப் பற்றி யாராவது பேசுவார்களா?

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஜெயந்தி லேப்டாப்போடு கடைக்கு வந்தாள். கூட அவளுடைய மூத்தார், ஏழுமலைக்கு அண்ணன். அவர் நல்ல மனுஷர்தான், கரும்பு விவசாயி, ஆனால் ஸ்டுடியோ என்றால் வேப்பங்காய். "இந்தப் பொண்ணு தனியா இன்னாம்மா பண்ணும்? எடுத்த படத்தக் குடுத்துட்டா கெளரவமா கடைய காலி பண்ணிடலாம்" என்றார்.

"காலி பண்றதுக்கு நான் வரல மாமா" என்றாள் ஜெயந்தி, அவரைப் பார்க்காமலே. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்த சீசன் கல்யாணம் ஒண்ணும் குடுக்கலக்கா. வெள்ளிமலைல இருந்து கல்யாணப் பொண்ணோட அப்பா அம்மா பஸ் புடிச்சு எறங்கி வந்து ரெண்டு தபா கேட்டுட்டுப் போயிட்டாங்க. இதெல்லாம் குடுத்துட்டாதான் நாலு பேரு நம்பி இனிமேட்டு ஆர்டர் தருவாங்க. ஆளு வெச்சாவது கடைய நடத்திடுவேன். ஆனா இதுல ஒரு படம்கூடக் காணோம்."

லேப்டாப்பைத் திறந்தேன். படங்கள் இருக்கிற இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. பெட்டி அணைந்து கிடக்கிறது, போட்டுவிட்டால் வந்துவிடும். "பயப்படாத, படம் எல்லாம் இதுல இல்ல. வூட்டுல கட்டிலாண்ட ஒரு கறுப்புப் பொட்டி கீதே, நீல லைட்டு எரியுமே, அதுலதான் கீது" என்றேன்.

ஜெயந்தி சட்டென்று மூத்தாரைத் திரும்பிப் பார்த்தாள். மூத்தார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அத்த தூக்கிப் போட்டுட்டாங்களேக்கா."

எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்ததும் செத்தவர் படுத்த பாய், தலையணை, பழைய துணி, செருப்பு இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆற்றோரமோ ஏரிக்கரையோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். ஏழுமலை உயிர் போன அறையில், கட்டிலின் தலைமாட்டில், அந்த நீல விளக்கு மட்டும் ராப்பகலாகச் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வந்திருந்த பெண்களுக்கு அதைப் பார்க்கவே பயம். ஆளு போயும் இது கண்ண மூடலியே என்று பேசிக்கொண்டார்களாம். மூத்தார் ஜெயந்தியிடம் கேட்டிருக்கிறார், இது இன்னா பொட்டி என்று. அழுதுகொண்டிருந்தவள், நெட்டுக்காரன் சும்மா குடுத்தது என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஒயரைப் பிடுங்கித் தலையணையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். அதே அறையில் டி.வி. இருந்தது. அதிலும் ஏழுமலைதான் கிரிக்கெட் பார்ப்பான். அதை யாரும் ஆற்றோரம் கொண்டுபோய்ப் போடவில்லை. கட்டிலைக்கூடக் கழுவி உள்ளே வைத்துக்கொண்டார்கள். விலை தெரிந்த பொருளுக்கு எந்தத் தீட்டும் ஒட்டாது.

கேமராவில் இருக்கிற கார்டில் படம் இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவதுதான் எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். அவனும் அழித்திருந்தான். ஆக, இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

கடையைச் சாத்திவிட்டு மூவரும் ஆட்டோவில் கிளம்பினோம். பெட்டியைப் போட்டதற்கு அப்புறம் இந்த நாட்களில் மழை வேறு பெய்திருந்தது. கோமுகி ஆற்றங்கரையில் ஜெயந்தி ஆட்டோவைவிட்டு இறங்கவில்லை, அந்தத் தலையணையை அவளால் பார்க்க முடியாது. நானும் மூத்தாரும் இறங்கிப் போனோம். பாய் இருந்தது. மழையில் ஊறிப்போய்த் தலையணை இருந்தது. பெட்டி இல்லை. பொட்டிக்குக் கால் மொளைச்சா போவும் என்று அவன் சிரித்தது அப்படியே என் காதில் கேட்டது.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள்தான் சொன்னார். "பழைய சாமான் பொறுக்கிக்கினு ஒருத்தன் கோணியோட போனான். காத்தாலதான். ஊருக்குள்ள இரும்புக் கடைக்குத்தான் போயிருப்பான்."

இரும்புக் கடை வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் சத்தம் கேட்டது. டங், டங் என்று. கடைக்காரர் ஒரு கல்லின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஹார்ட் டிஸ்க்குக்கு மேலே இருக்கிற அலுமினியத்துக்காக அதை உடைப்பார்கள், தெரியுமில்லையா? பெட்டி சப்பையாகி ஒரு பக்கம் கிடந்தது. ஒரு டிஸ்க் உடைந்து, உள்ளே இருக்கும் வட்டத் தகடு வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. இரண்டாவது டிஸ்க் கல்லின் மேல். சுத்தியல் அவர் கையில்.

மூத்தார் பாய்ந்தார். "எங்க வூட்டுப் பொருள நீ எப்புட்றா..." என்று ஆரம்பித்ததுமே அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். எனக்கு யோசிக்க மூச்சுவிடும் நேரம்தான் இருந்தது. திருட்டுப் பொருள் என்று கத்தினால், பயத்தில் அவர் எல்லாவற்றையும் குவியலுக்குள் தள்ளிவிட்டு, நான் பார்க்கவே இல்லை என்பார். இதற்குள் விலை உயர்ந்தது இருக்கிறது என்று கெஞ்சினால், எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்பார். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதுவும் உடனே.

"அண்ணே, அதுல கை வெக்காதீங்க. அது செத்தவரு சாமான். காரியத்தன்னிக்குத் தலகாணியோட ஆத்தோரம் போட்டது."

சுத்தியல் நழுவிக் கீழே விழுந்தது. அவர் எழுந்த வேகத்தில் பின்னால் இருந்த தகர டப்பாக்கள் சரிந்தன.

"ஐயய்யோ! இன்னாம்மா சொல்றீங்க? இன்னிக்கு மொத போணியே இதாம்மா! அந்தப் பாவி வாயத் தொறக்கலியே!"

பேரம் எங்கே, பேச்சு எங்கே! காலால் ஒரு அட்டையைத் தள்ளி, அதன்மேல் டிஸ்க்கை ஒரு கம்பியால் நகர்த்தி என் பக்கம் தள்ளிவிட்டார். உடைந்த துண்டையும் சப்பையான பெட்டியையும்கூட ஒன்று விடாமல் எடுத்துப் போகச் சொன்னார். நான் பர்ஸைத் திறந்ததைப் பார்த்து இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். நாங்கள் ஆட்டோவில் ஏறுவதற்குள் அவர் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெட்டியை வீட்டைவிட்டுத் துரத்திய அதே பயம்தான் அதை எங்களுக்குத் திருப்பியும் கொடுத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒண்ணு போனா ஒண்ணு நிக்குது என்று அவன் சொன்னான் பாருங்கள், அது அப்படியே நடந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படம்தான். ஒன்று உடைந்தது, ஒன்று நின்றது. செத்த பிறகும் என்னோடு வாதாடி ஜெயித்துவிட்டான்.

ஆனால் நின்ற டிஸ்க் மழையில் நனைந்திருந்தது. ஜெயந்தி வீட்டிற்கு வந்ததும் மூத்தாருக்குப் பொறுக்கவில்லை. தம்பி பொருளைத் தூக்கிப் போட்ட கை அவர் கை, அதை உடனே சரி செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு. "ஒரு தபா கரண்ட் குடுத்துப் பாத்துடலாமேம்மா. இல்லன்னா அரிசி மூட்டைல பொதைச்சு வெச்சா ஈரத்த இழுத்துக்கும். போனுக்கு அப்புடித்தான் பண்றாங்க." அந்த நேரம் பார்த்து வெள்ளிமலையிலிருந்து போன். பெண்ணின் அம்மா. நாளைக்கு வந்தால் கிடைக்குமா என்று கேட்கிறார். ஜெயந்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

எனக்கும் கை பரபரத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒருவேளை ஓடிவிட்டால்? ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்து தகடு சுற்றினால் அதோடு கதை முடிந்தது, அதற்கப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆத்திரத்தில் கரண்ட் கொடுத்துக் கெட்டவைதான் நம் கடைக்கு வந்ததில் பாதி. காத்திருந்து கெட்டதை நான் பார்த்ததே இல்லை. "நாளைக்குக் கிடைக்காதுங்கம்மா, கிடைச்சதும் நானே மலைக்கு எடுத்துக்கினு வரேன்" என்று ஜெயந்தி போனில் சொன்னாள்.

மறுநாள் நானும் ஜெயந்தியும் உளுந்தூர்பேட்டை போய்ச் சென்னை பஸ் பிடித்தோம். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து படம் எடுத்துத் தருகிறவர் ஒருவரை எனக்கு அங்கே தெரியும். கூரியரை நான் நம்பவில்லை. ஜெயந்தி டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சுங்கச்சாவடி தாண்டியதும் கேட்டாள்.

"ஏங்க்கா, இது நெட்டுக்காரன் சும்மா குடுத்ததுதானே? சும்மா குடுக்கிற பொட்டில போயி இவ்ளோ முக்கியமானத யாருனா வெப்பாங்களா?"

செத்தவனுக்குத் தலையாட்டிய வாக்கு இருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் பக்கம் நின்றேன். விலையைச் சொன்னேன், பெட்டி, இரண்டு டிஸ்க், யூ.பி.எஸ். எல்லாம் சேர்த்து.

அவள் என்னைப் பார்த்த பார்வை!

"வாஷிங் மெஷின விட ஜாஸ்தியா?"

"ஆமா."

திண்டிவனம் தாண்டியதும் துண்டைப் பிரித்து டிஸ்க்கைப் பார்த்தாள். பிறகு, "பாவி மனுஷா" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காசில்லன்னு சொன்னியே, கை வலிக்கத் தொவச்சேனே, வாய் கூசாம சும்மா வந்துதுன்னியே என்று மடியில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தே திட்டித் தீர்த்தாள். நான் தடுக்கவில்லை. திட்டி ஓய்ந்த பிறகு துண்டை இழுத்து இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே இந்தச் சண்டய போட்டிருப்பேன்க்கா. ஒரு வாரம் பேசாமகூட இருந்திருப்பேன். ஆனா எவன் வந்து கேட்டாலும் அந்தப் பொட்டிய தூக்க வுட்டிருக்க மாட்டேன்."



படங்கள் கிடைத்தன. ஒரு வளைகாப்பு பாதி போய்விட்டது, மற்றதெல்லாம் வந்துவிட்டது. நல்லவேளை கரண்ட் கொடுக்கவில்லை என்று அந்தச் சென்னைக்காரர் சொன்னார். வெள்ளிமலைக் கல்யாணத்தை ஜெயந்தி சொன்னபடி தானே மலையேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஸ்டுடியோ இன்றைக்கும் திறந்திருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது அவளிடம் இருப்பது சாதாரண டிஸ்க் இரண்டுதான், ஒன்று கச்சிராயபாளையத்தில், ஒன்று தியாகதுருகத்தில் அம்மா வீட்டில். இரண்டின் மேலும் மார்க்கர் பேனாவால் பெரிதாக விலையை எழுதி வைத்திருக்கிறாள். பெட்டி வாங்க வருகிறவர்களிடம் நாம் கரண்ட் பற்றிப் பேசுகிறோம், வாரண்டி பற்றிப் பேசுகிறோம். நீங்கள் இல்லாத நாளில் இது என்னவென்று வீட்டில் யாருக்குத் தெரியும் என்று அவர்களிடம் நாம் கேட்பதில்லை. விலையை ஒளித்துவிட்டால் அந்த வீட்டில் அது வெறும் பெட்டி.

அதனால் போன வாரம் பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். பொருத்த நாம் வரும்போது மனைவியும் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் கடைக்கு வரட்டும், பில்லை அந்த அம்மா கையில் கொடுங்கள். சண்டை வரும். கட்டாயம் வரும். நாற்காலி எடுத்துப் போட்டு, ஃபேனைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அந்தச் சண்டையை அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் போட்டு முடிக்கட்டும்.